நாக்கு கட்டிய மணி

(சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில், தமிழ் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கருவாட்டிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மெல்பர்னில், டாக்லேண்ட்ஸ் பக்கம் ஓர் அலுவலகத்தில், புதிய வாடிக்கையாளர்களுக்கு எங்கள் மென்பொருளைக் காட்டிக்கொண்டிருந்தேன். என் மடிக்கணினித் திரை சுவரில் ஆறடி அகலத்துக்கு விரிந்திருந்தது. நான்காவது ஸ்லைடைத் தாண்டும்போது வலது மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. என் மனைவி. "வரும்போது கருவாடு வாங்கிட்டு வாங்க. போன தடவை மாதிரி பூஞ்சை புடிச்சதை வாங்கிட்டு வந்தா நீங்களே சமைச்சுக்கோங்க."

அறையில் பன்னிரண்டு பேர். பதினோரு பேருக்கு அது ஏதோ ஒரு வட்ட வட்டமான எழுத்து. பன்னிரண்டாவது ஆள் யாழ்ப்பாணத்துப் பெண், வந்திருந்த குழுவின் தலைமைப் பொறியாளர். அவர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தது எனக்கு மட்டும் தெரிந்தது. இடைவேளையில் பக்கத்தில் வந்து சொன்னார்: "டாண்டினோங்கில நல்ல கருவாடு எடுக்கலாம். கடை விலாசம் தாறன்."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நாட்களில் என் வேலையே அந்தச் சின்னப் பெட்டிகளை வடிவமைப்பதுதான். எந்தப் பெட்டி எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், மணியடிக்கலாமா கூடாதா என்று நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்கியவன் நான். கூட்டத்துக்கு முன் அமைதி நிலையை அழுத்த மறந்துவிட்டேன். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது: நல்ல வடிவமைப்பு என்பது அழுத்த மறந்தவனையும் காப்பாற்றுவது. திரை புரொஜெக்டரில் ஓடுகிறது என்று கணினிக்குத் தெரியும். பிறகு என்னிடம் ஏன் கேட்கவேண்டும்? இன்று விண்டோஸிலும் மேக்கிலும் அதற்கென்று ஒரு விதி இருக்கிறது. யாருடைய கருவாட்டில் பிறந்த விதியோ.

ஆண்ட்ராய்டைத் தமிழில் வைத்திருப்பவர்கள் அந்த அமைதி நிலையின் பெயரைப் பார்த்திருப்பீர்கள்: 'தொந்தரவு செய்ய வேண்டாம்'. ஹோட்டல் அறைக் கதவின் கைப்பிடியில் தொங்கும் அட்டை அது. நம் வீடுகளில் அந்த அட்டை எந்தக் காலத்திலும் தொங்கியதில்லை. அதற்குப் பதில் திண்ணை இருந்தது. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வந்தவரைப் போகச் சொல்லவும் மாட்டோம், உள்ளே கூப்பிடவும் மாட்டோம். "உக்காருங்க, இப்ப வந்துருவாங்க" என்று ஒரு சொம்புத் தண்ணீர். ஆனால் பிரசவ வலி என்று ஓடிவந்தவர் திண்ணையைத் தாண்டி நேராக அடுக்களைக்கே வரலாம். யார் உட்காரவேண்டும், யார் தாண்டலாம் என்பது வந்தவருக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். எழுதிவைத்த விதி கிடையாது. கணினிக்கு அந்த விதியை எழுதித் தரவேண்டியிருக்கிறது என்பதுதான் எங்கள் தொழிலின் முழுச் சிக்கலும். வாயடைப்பது சுலபம். யாருக்காக வாய் திறப்பது என்பதுதான் கஷ்டம்.

இந்தச் சிக்கல் ஐபோனோடு வந்ததென்று நினைக்காதீர்கள். 1971-இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பிலேயே 'மெஸ்க்' என்றொரு கட்டளை உண்டு. ஒரே பெரிய கணினியைப் பலர் பங்குபோட்ட காலம். பக்கத்து அறைக்காரர் தட்டச்சு செய்தால் அது உங்கள் வேலையின் நடுவில் வந்து விழும். 'மெஸ்க் என்' என்று அடித்தால் விழாது. ஆனால் கணினியை நிர்வகிப்பவர் அடித்தால் மட்டும் விழும். முதல் நாளிலிருந்தே ஒரு விதிவிலக்கு. 1980 வாக்கில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 'பிஃப்' வந்தது. புது மடல் வந்தால் திரையில் சொல்லும். பல்கலைக்கழகத்தில் திரிந்த ஒரு நாயின் பெயரை வைத்தார்கள். தபால்காரரைக் கண்டால் குரைக்குமாம். அந்தக் குரைப்புக் கதை கட்டுக்கதை என்று நிரலை எழுதியவரே பின்னால் ஒப்புக்கொண்டார். நாய் நிஜம். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு: இங்கே கென்சிங்டனில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் 1977-இல் யூனிக்ஸின் உட்கருவுக்கு வரிவரியாக உரை எழுதினார். உரிமச் சிக்கலால் முறையாக அச்சேற 1996 ஆயிற்று. அதுவரை நகலின் நகலாக உலகம் முழுக்கச் சுற்றியது. நச்சினார்க்கினியர் வேலையை ஓர் ஆஸ்திரேலியர் கணினிக்குச் செய்தார் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

மேக் கணினிக்குத் திண்ணை கிடைத்தது 2012-இல். ஆப்பிளின் மவுண்டன் லயன் பதிப்பில் அறிவிப்புகளெல்லாம் வந்து உட்கார வலப்பக்கம் ஓர் இடம் வந்தது. மூன்று ஆண்டு கழித்து விண்டோஸ் 10-லும் வந்தது. மைக்ரோசாஃப்ட் அமைதி நிலைக்கு இரண்டு முறை பெயர் மாற்றியது: முதலில் 'அமைதி நேரம்', 2018-இல் 'கவன உதவி', பிறகு கடைசியில் எல்லாரும் சொல்லும் 'தொந்தரவு வேண்டாம்' என்பதற்கே வந்துசேர்ந்தது. லினக்ஸ் உலகின் திரைமுகப்புகளான கேடிஇ 2019-இலும் க்னோம் 2020-இலும் அந்தப் பொத்தானைக் கொண்டுவந்தன.

லினக்ஸ்காரர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட ஒரு வரையறை உண்டு. ஒவ்வோர் அறிவிப்பும் தன் அவசரத்தைத் தானே சொல்லவேண்டும். மூன்றே படி: தாழ்வு, இயல்பு, அதிமுக்கியம். அமைதி நிலையில் முதல் இரண்டும் திண்ணையில் உட்காரும். மூன்றாவது தாண்டி வரும். காகிதத்தில் எவ்வளவு அழகு! ஆனால் அவசரத்தை யார் சொல்கிறார்? அனுப்புகிற மென்பொருள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தன் சேதிதான் உலகத்திலேயே அவசரம். கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்பவர்களிடம் "யாருக்கு அவசரம்?" என்று கேட்டுப் பாருங்கள். அத்தனை பேருக்கும் பஸ் இருக்கும்.

ஆப்பிள் 2018-இல் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் செய்தது. அமைதி நிலையையும் ஊமை நிலையையும் மீறி ஒலிக்கும் அறிவிப்பை அனுப்பவேண்டுமானால், அந்தச் செயலி முதலில் ஆப்பிளிடம் காரணம் சொல்லி அனுமதி வாங்கவேண்டும். சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்குவதைச் சொல்லும் செயலிக்குக் கிடைக்கும். தள்ளுபடி விற்பனைக்குக் கிடைக்காது. ஒரு தனியார் நிறுவனம் உலகத்துக்கே வாயிற்காவலனாக உட்கார்வது எனக்கு உவப்பில்லை. ஆனால் இதைவிட ஒழுங்காக வேலை செய்த வேறு ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இந்த மூன்று படிக் கணக்கை இந்த நாட்டில் நெருப்பை வைத்துக் கற்றார்கள்.

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. விக்டோரியாவில் அன்று எரிந்த தீயில் 173 பேர் இறந்தார்கள். கிங்லேக், மேரிஸ்வில் ஊர்களின் பெயரைச் சொன்னால் மெல்பர்ன்காரர்களுக்கு இன்றும் குரல் தாழும். எச்சரிக்கை பலருக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்த இடத்திலும் நேரத்துக்குச் சேரவில்லை. அந்த ஆண்டே, வீட்டுத் தொலைபேசிக்குக் குரலாகவும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு, அமைதி நிலையில் வைத்த கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவருக்கு அந்தக் குறுஞ்செய்தியும் கருவாட்டுச் செய்தியும் ஒன்றுதான். இரண்டும் திண்ணையில் உட்கார்ந்து விடியக் காத்திருக்கும். இதற்காகத்தான் கோபுரத்திலிருந்து அந்த வட்டாரத்துக் கைப்பேசிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வீச்சில் அனுப்பி, ஊமை நிலையையும் மீறி அலறவைக்கும் செல் பிராட்காஸ்ட் முறையை நாடுகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கின்றன. 2023-இல் இந்தியாவில் சோதித்தபோது ஊரிலிருந்து எனக்கு வந்த முதல் கேள்வி, "போன் பைத்தியம் புடிச்ச மாதிரி கத்துதே, ஹேக் பண்ணிட்டாங்களா?"

வந்துசேர்வது பாதிதான். மிச்சப் பாதி, கேட்டவர் அசைகிறாரா என்பது. ஆஸ்திரேலியாவின் பழைய தீ அபாயப் பலகையில் ஆறு படிகள். 'மிக அதிகம்' பெரிதா, 'கடுமை' பெரிதா என்று பலகையின் கீழே நின்று யோசிக்கவேண்டும். 2022 செப்டம்பர் 1 முதல் நாடு முழுக்க அதை நான்காகக் குறைத்து, ஒவ்வொரு படிக்கும் என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். தீ வந்த பிறகு தரும் எச்சரிக்கைக்கு மூன்றே படி: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆலோசனை, கவனித்துச் செயல்படு, அவசர எச்சரிக்கை. லினக்ஸ்காரர்கள் மேசையில் உட்கார்ந்து எழுதிய அதே மூன்று! ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதாக நான் நினைக்கவில்லை. பதற்றத்தில் இருக்கும் மனிதத் தலை மூன்றுக்கு மேல் எண்ணாது என்று இரண்டு பேருமே கண்டுகொண்டிருக்கவேண்டும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தீயில் சிவப்பை அறிவிக்கும் அதிகாரம் தீயணைப்புத் துறையிடம் இருக்கிறது. தவறாக அறிவித்தால் மறுநாள் பத்திரிகையில் பதில் சொல்லவேண்டும். மென்பொருளில் சிவப்பை யார் வேண்டுமானாலும் அறிவிக்கலாம், யாரும் பதில் சொல்லவேண்டாம்.

நம் பழைய கதையில் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை நினைத்துக்கொள்ளுங்கள். பசுகூட அடிக்கலாம். அதுதான் அதன் பெருமை. ஆனால் அடித்தால் அரசன் எழுந்து வருவான், விசாரணை நடக்கும், தேர்க்காலில் மகனையே கிடத்துவான். அவ்வளவு பெரிய விளைவு இருந்ததால்தான் அந்த மணியை யாரும் சும்மா அடிக்கவில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இங்கே பலர் அதை 'பாஸ் கூப்பிட்டா எடுக்க வேண்டாங்கிற சட்டம்' என்று சொல்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பணிநேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2024 ஆகஸ்ட் 26 முதல் இந்த நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்கு ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்ட் 26 முதல். தெற்கு ஆஸ்திரேலியாவின் பசுமைக் கட்சி செனட்டர் பார்பரா போகாக், தான் தலைமை வகித்த செனட் குழு வழியாக இதை விடாமல் முன்னெடுத்தவர். சட்டத்தின் அந்தப் பிரிவை, 333எம், நான் வேலைக்காகத்தான் படிக்க எடுத்தேன். படித்து முடித்தபோது, எங்கள் குழு இரண்டு ஆண்டு தலையைப் பிய்த்துக்கொண்ட வடிவமைப்பு ஆவணத்தை வக்கீல்கள் அரைப் பக்கத்தில் எழுதிவிட்டார்களே என்று பொறாமைப்பட்டேன்.

முதலில், அது முதலாளியின் வாயைக் கட்டவில்லை. அவர் இரவு பதினொரு மணிக்கும் மின்னஞ்சல் அனுப்பலாம். பார்க்காமலும் படிக்காமலும் பதில் சொல்லாமலும் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு, அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை. அதாவது சேதி வரும், ஆனால் திண்ணையில் உட்காரும். மறுப்பு நியாயமா என்று எப்படிப் பார்ப்பது? தொடர்புகொண்ட காரணம் என்ன. எந்த வழியில் தொடர்புகொண்டார், அது எவ்வளவு இடையூறு. தயாராக இருப்பதற்கென்று பணம் தருகிறார்களா. அவருடைய வேலை என்ன, பொறுப்பு எவ்வளவு. வீட்டு நிலைமை என்ன, பார்த்துக்கொள்ளவேண்டிய குழந்தையோ பெரியவரோ உண்டா. இரண்டாவதைக் கவனியுங்கள். ஒரே சேதி, மின்னஞ்சலாக வந்தால் ஒரு கனம், தொலைபேசி மணியாக வந்தால் வேறு கனம். சேதியின் உள்ளடக்கத்தையும் அது கதவைத் தட்டும் ஓசையையும் பிரித்துப் பார்க்கிறது சட்டம். எங்கள் மூன்று படி வரையறையில் இது இல்லை. பெறுகிறவரின் வீட்டு நிலைமையும் இல்லை. அனுப்பும் மென்பொருள் சொல்லும் ஒரு சொல் மட்டும்தான் இருக்கிறது.

வேறு ஒரு வழியும் உண்டு. 2011-இல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், ஊழியர் மன்றத்தோடு செய்த உடன்பாட்டின்படி, ஒரு பகுதி ஊழியர்களின் கைப்பேசிக்கு வேலை முடிந்து அரைமணி நேரத்துக்குப் பிறகு மின்னஞ்சல் போகாதபடி சர்வரையே நிறுத்தியது. மறுநாள் வேலைக்கு அரைமணி முன்னால்தான் மறுபடி திறக்கும். இங்கே திண்ணையே கிடையாது. தெருவிலேயே தடுத்துவிட்டார்கள்.

இதை முதலில் யோசித்தவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர். அகநானூற்றின் நான்காம் பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலம் வந்துவிட்டது, தலைவன் திரும்பிவருகிறான். பூவில் தாதுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக்கூடாதென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவளை நாளெண்ணிக் காத்திருக்கவைத்தவன், ஓடிவரும் வேகத்திலும் வண்டுகளை எண்ணிப் பார்க்கிறான். வண்டு காதை மூடிக்கொள்ளவில்லை. அதனிடம் ஒரு பொத்தானும் இல்லை. ஓசையெழுப்பக்கூடியவன்தான் கட்டிக்கொண்டான். இத்தனை ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தும், அனுப்புகிறவர் பக்கத்தில் வைத்த அமைதிப் பொத்தானுக்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

நாங்கள் ஏன் பொத்தானை எப்போதும் பெறுகிறவர் பக்கத்திலேயே வைத்தோம்? பெறுகிறவர்தான் எங்களிடம் குறைசொன்னார், அதனால். அனுப்புகிறவருக்கு ஒரு வலியும் இல்லை. கொஞ்சம் வலி கொடுக்கலாம் என்று முதலில் கண்டவர்களில் ஸ்லாக் செயலிக்காரர்கள் உண்டு. ஒருவர் அமைதி நிலையில் இருக்கும்போது அவருக்கு எழுதினால், 'அவர் அறிவிப்பை நிறுத்திவைத்திருக்கிறார், இருந்தும் தட்டவேண்டுமா?' என்று எழுதியவரைக் கேட்கும். 2021-இல் ஆப்பிளும் அதேபோல 'இருந்தாலும் தெரிவி' என்ற பொத்தானைக் கொண்டுவந்தது. ஒரே ஒரு கேள்வி, ஓர் அழுத்தல். ஆனால் அந்த ஒரு நொடியில் அனுப்புகிறவர் தன் பெயரைப் போட்டுத் தட்டுகிறார். 'அவசரம்' என்று மென்பொருள் சொல்லவில்லை, அவரே சொல்கிறார், மறுநாள் அதற்கு முகம் கொடுக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் பின்வாங்கிவிடுவார்கள். நானே பலமுறை பின்வாங்கியிருக்கிறேன்.

முற்றிலும் மௌனம் போதாதா என்று கேட்பவர்களுக்கு: மார்ட்டின் பீலோட், லூஸ் ரெலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் முப்பது பேரிடம் இருபத்துநான்கு மணிநேரம் எல்லா அறிவிப்பையும் அணைத்துவைக்கச் சொன்னார்கள். 2017-இல் வெளியிட்டார்கள். வேலையில் கவனம் கூடியது. கூடவே, யாராவது தேடியிருப்பார்களோ, பதில் இல்லாமல் கோபித்திருப்பார்களோ என்ற கவலையும் கூடியது. சிலர் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பது என்ன அமைதி? திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் உள்ளே நிம்மதியாகச் சாப்பிடமுடியும். அதனால்தான் அமைதி நிலை முடிந்ததும் 'இத்தனை பேர் வந்தார்கள்' என்று ஒரே சுருக்கமாகச் சொல்வது முக்கியம். அடைத்துவைத்த நாற்பது பெட்டிகளையும் வரிசையாகப் பறக்கவிட்ட ஒரு மென்பொருளை நான் பயன்படுத்தியிருக்கிறேன். யார் செய்தது என்று சொல்லமாட்டேன். அடுத்த தடவை அமைதிப் பொத்தானை அழுத்தவே பயமாக இருந்தது. அதேபோல, அழுத்திவிட்டு மறந்துபோய் மூன்று நாள் யாருக்கும் கிடைக்காமல் இருப்பவர்களும் உண்டு. ஆகவே 'ஒரு மணிநேரம்', 'நாளைக் காலைவரை' என்று தானே முடியும் நேரம் வேண்டும். இதெல்லாம் சில்லறை வேலைகள். வடிவமைப்பில் சில்லறைதான் அதிகம்.

சில்லறை அல்லாத ஒன்று இருக்கிறது. இந்த அவையில் பாதிப்பேருக்குச் சென்னையில் ஒரு குழு உண்டு. கோடை நேரக் கணக்கில் சிட்னி காலை ஒன்பது மணி என்றால் அங்கே அதிகாலை மூன்றரை. பரமட்டாவில் உட்கார்ந்திருப்பவருக்கு 333எம் உண்டு. அதே குழுவில், அதே அரட்டைக் குழுமத்தில், சோழிங்கநல்லூரில் இருப்பவருக்கு அது கிடையாது. சுப்ரியா சுலே 2018-இல் இந்திய மக்களவையில் இப்படியொரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. ஆக, நம் மாலை நேரத்தைச் சட்டம் காக்கிறது, அவர்கள் விடியலைக் காக்க நம் விரலைத் தவிர வேறெதுவும் இல்லை. மின்னஞ்சலிலும் அரட்டையிலும் 'பிறகு அனுப்பு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தேர்மணியின் நாவைக் கட்டும் கயிறு அதுதான். நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறோம் என்று கைதூக்கச் சொல்லப்போவதில்லை. எனக்கும் தூக்கவேண்டியிருக்கும்.

கடைசியாக என் அம்மா. பாளையங்கோட்டையில் இருக்கிறார். அவர் இரவுச் சாப்பாடு முடித்து, சீரியல் முடித்து, பேச உட்காரும்போது அங்கே மணி பத்து. இங்கே விடியற்காலை மூன்றரை. கைப்பேசியை இரவில் அமைதி நிலையில் வைக்கத் தொடங்கியபோது மனசு அடித்துக்கொண்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்து மணி என்றால் என்ன பயம் என்று. ஐபோனில் ஒரு வசதி உண்டு: ஒரே எண்ணிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் அமைதியை மீறி ஒலிக்கும். இரண்டாவது தட்டலுக்குக் கதவைத் திறப்பது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. அவசரத்தைச் சொல்லச் சொல்லாமல், நடத்தையிலிருந்தே கண்டுபிடிக்கிறது. அம்மாவிடம் விளக்கினேன்: "ஏதாவது அவசரம்னா மட்டும் உடனே ரெண்டாவது தடவை அடிங்கம்மா, எனக்குக் கேக்கும்."

பத்து நாள் கழித்து விடியற்காலை மூன்றே முக்காலுக்கு மணி அடித்தது. எழுந்த வேகத்தில் கால் கட்டிலில் இடித்தது. "அம்மா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லய்யா. மொத தடவை எடுக்கலையே, அதான் ரெண்டாவது தடவை அடிச்சேன். பக்கத்து வீட்டுல பொண்ணுக்கு நிச்சயம் ஆயிட்டு. சாப்ட்டியா?"

அன்றிலிருந்து எப்போதுமே இரண்டு தடவைதான் அடிக்கிறார், பட்டப்பகலிலும்கூட. இப்போது அவர் எண்ணை எந்நேரமும் ஒலிக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். இரண்டாவது தடவைக்கு அவசியமே இல்லை என்று மூன்று முறை சொல்லியாயிற்று. முதல் மணியிலேயே எடுத்துவிட்டால் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறது போலிருக்கிறது. அதனால் முதல் மணியை விட்டுவிட்டு, இரண்டாவதில் எடுக்கிறேன்.